ஒரே வைட்டமின் ஏ, செல்லுக்குச் செல் வேறு பதில்

கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முகப்பருவுக்குப் பூசும் டிரெட்டினாயின், அதாவது வைட்டமின் ஏ-யின் அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலம்தான், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு உள்ளே சாப்பிடவும் கொடுக்கப்படுகிறது. அதே குடும்பத்து மருந்தைக் கர்ப்பிணி சாப்பிட்டால் கருவுக்குப் பெரிய கேடு. ஒரே பொருள் எப்படி இத்தனை விதமாக வேலை செய்கிறது? அதன் ஏற்பி செல்லில் எங்கே இருக்கிறது? வைட்டமின் ஏ-யை அதிகம் சாப்பிட்டால் அந்த ஏற்பி அதிகம் வேலை செய்யுமா?

நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது. ஏற்பி என்றதும் செல்லின் வெளிச்சுவரில் அழைப்பு மணி போல ஒன்று இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இன்சுலினுக்கும் அட்ரினலினுக்கும் அது சரி. ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி அப்படியல்ல. அது உட்கருவுக்குள், டிஎன்ஏ இழையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் வந்து சேருவதற்கு முன்பே அங்கே இருக்கிறது. சும்மாவும் இல்லை, பக்கத்திலுள்ள மரபணுவை மூடி வைத்திருக்கிறது. வைட்டமின் ஏ வந்து செய்வது அந்த மூடியைத் திறக்கும் வேலை. எந்தெந்த மரபணுவின் மேல் ஏற்பி உட்கார்ந்திருக்கிறது என்பது செல்லுக்குச் செல் மாறும், பதிலும் மாறும்.

இனி விவரம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வைட்டமின் ஏ என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம். உடலில் ஓடுவது ஆல்கஹால் வடிவம், அதுதான் ரெட்டினால். சேமிப்பில் கிடப்பது அதன் கொழுப்பு எஸ்டர். கண்ணில் ஒளியைப் பிடிப்பது ஆல்டிஹைடு வடிவம். மரபணுவிடம் பேசுவது அமில வடிவம், அதாவது ரெட்டினாயிக் அமிலம். ஆல்கஹாலும் ஆல்டிஹைடும் தமிழில் எழுதும்போது ஒரே பெயர் போலவே ஆகிவிடுகின்றன, பாடப் புத்தகங்களே சில இடங்களில் தடுமாறுகின்றன. நான் ஆல்டிஹைடை ரெட்டினால்டிஹைடு என்றே எழுதுகிறேன்.

இந்த வடிவங்களுக்கு இடையே போக்குவரத்து ஒரு விதமாக இருக்கிறது. ரெட்டினாலிலிருந்து ரெட்டினால்டிஹைடுக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். ஆனால் ரெட்டினால்டிஹைடு ஒருமுறை அமிலமாகிவிட்டால் அவ்வளவுதான், திரும்பி வர வழியில்லை. இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1960-இல் ஜான் டவ்லிங்கும் ஜார்ஜ் வால்டும் எலிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத உணவைக் கொடுத்து, கூடவே ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் சேர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன. பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் முதலில் மாலைக்கண், பிறகு முழுக் குருடு. உடல் வளரவும் தோல் நலமாக இருக்கவும் அமிலமே போதும், பார்வைக்கு மட்டும் ஆல்டிஹைடு வேண்டும், அமிலத்திலிருந்து அதைச் செய்துகொள்ள முடியாது என்பது இதிலிருந்து தெரிந்தது. ஒரே வைட்டமினுக்கு இரண்டு தனித்தனி வேலைகள், இரண்டு தனித்தனி ஏற்பிகள் என்ற எண்ணத்துக்கு அந்தக் குருட்டு எலிகள்தான் வித்திட்டன.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன், அது தனிக் கதை. அங்கே ரெட்டினால்டிஹைடு, ஆப்சின் என்ற புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டே இருக்கிறது. ஒளித்துகள் பட்டதும் வளைந்த வடிவத்திலிருந்து நேரான வடிவத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் சுமார் 200 ஃபெம்டோ வினாடி. புரதத்தின் உருவம் மாறி, நரம்பு வரை செய்தி போகிறது. வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். கண்ணில் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். உட்கருவில் நடப்பது மணிக்கணக்கில், நாள்கணக்கில். நாம் பேசப்போவது அந்த மெதுவான பதிலைப் பற்றி.

ரெட்டினால் செல்லுக்குள் எப்படி வருகிறது? கல்லீரலில் நட்சத்திர செல்கள் என்று ஒரு வகை உண்டு. உடலின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதி அவற்றில் கொழுப்புத் துளிகளாகக் கிடக்கிறது. தேவைக்கேற்ப அங்கிருந்து ரெட்டினால் வெளியே வந்து, அதற்கென்றே உள்ள சுமைதாங்கிப் புரதத்தில் ஏறி ரத்தத்தில் பயணம் செய்கிறது. அந்தச் சுமைதாங்கி சிறியது, தனியாகப் போனால் சிறுநீரகம் வடிகட்டி எறிந்துவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்தே போகிறது. சில செல்களின் சவ்வில், குறிப்பாகக் கண்ணில், ஸ்ட்ரா-6 என்ற புரதம் இருக்கிறது. சுமைதாங்கியிலிருந்து ரெட்டினாலை இறக்கி உள்ளே விடுவது அதன் வேலை. இது 2007-இல் அடையாளம் காணப்பட்டது. செல்லின் வாசலில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் அது சரக்கு இறக்கும் வாசல். மரபணுவிடம் பேசுகிற ஏற்பி அதுவல்ல.

உள்ளே வந்த ரெட்டினாலை இரண்டு படிகளில் நொதிகள் அமிலமாக்குகின்றன. இரண்டாவது படியைச் செய்யும் நொதிகளைச் சுருக்கமாக ரால்டு என்கிறார்கள். இன்னொரு பக்கம் சிப்-26 என்ற நொதிக் குடும்பம் ரெட்டினாயிக் அமிலத்தைச் சிதைத்துத் தள்ளுகிறது. ஒரு திசுவில் எவ்வளவு சமிக்ஞை இருக்கும் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு நொதிகளும்தான். ரத்தத்தில் ரெட்டினால் மைக்ரோமோலார் அளவில் ஓடுகிறது, ரெட்டினாயிக் அமிலமோ சில நானோமோலார்தான். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஹார்மோன் என்றால் ஒரு சுரப்பி சுரந்து உடல் முழுக்க அனுப்பும். இங்கே பெரும்பாலும் அந்தந்தத் திசு தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்கிறது. மீதியைத் தானே கொட்டியும் விடுகிறது.

ஏற்பி கிடைத்த கதைக்கு வருவோம். 1987 டிசம்பரில் ஒரே அறிவியல் இதழில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து பியர் ஷாம்போன் குழு, மற்றொன்று அமெரிக்காவின் சால்க் நிறுவனத்திலிருந்து ரொனால்டு எவன்ஸ் குழு. இரண்டு குழுவும் தனித்தனியாக ஒரே ஏற்பியைப் பிடித்திருந்தன. அதன் சுருக்கப் பெயர் ஆர்ஏஆர். ஆச்சரியம் என்னவென்றால், அது ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், கார்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகளுக்குச் சொந்தக்காரன். உணவில் வரும் ஒரு வைட்டமினும் உடல் சுரக்கும் ஹார்மோனும் ஒரே வகை இயந்திரத்தை இயக்குகின்றன என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மனிதனிடம் இந்தக் குடும்பத்தில் 48 ஏற்பிகள் இருக்கின்றன. ஆர்ஏஆரில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று. 1990-இல் எவன்ஸ் குழு இன்னொரு கிளையைக் கண்டது, அது ஆர்எக்ஸ்ஆர். அதிலும் மூன்று.

ஆர்ஏஆர் தனியாக வேலை செய்யாது. ஆர்எக்ஸ்ஆரோடு இணை சேர்ந்தால்தான் டிஎன்ஏவில் சரியாக உட்கார முடியும். இருவரும் தேடுவது ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்து, அல்லது அதற்கு மிக நெருக்கமான ஒன்று, இரண்டு முறை அடுத்தடுத்து வரும் இடத்தை. நடுவில் எத்தனை எழுத்து இடைவெளி என்பது முக்கியம். ஐந்து எழுத்து இருந்தால் ஆர்ஏஆர் இணைக்கு நல்ல இருக்கை, இரண்டு இருந்தாலும் ஆகும். அதே ஆறெழுத்து மூன்று இடைவெளியில் வந்தால் வைட்டமின் டி ஏற்பிக்கு, நான்கில் வந்தால் தைராய்டு ஹார்மோன் ஏற்பிக்கு. எழுத்து ஒன்றே, இடைவெளியே முகவரி. உண்மையான மரபணுத் தொகுதியில் இது இவ்வளவு கறாராக இல்லை, விதிவிலக்குகள் ஏராளம். ஆனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ரெட்டினாயிக் அமிலம் இல்லாதபோது, டிஎன்ஏவில் உட்கார்ந்திருக்கும் ஆர்ஏஆர் தன் முதுகில் ஒரு கூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. என்கோர், ஸ்மர்ட் என்ற இரண்டு அடக்கும் புரதங்கள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹிஸ்டோன் டிஅசெட்டிலேஸ் என்ற நொதி. ஹிஸ்டோன் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரத உருளை. அதன் வால்களில் அசெட்டைல் குழு இருந்தால் சுற்று தளர்ந்திருக்கும், எடுத்துவிட்டால் இறுகும். அந்த நொதி எடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்து டிஎன்ஏ இறுகிக் கிடக்கிறது, மரபணு பேசாமல் இருக்கிறது.

ரெட்டினாயிக் அமிலம் வருகிறது. ஏற்பியின் பின்பாதியில் பன்னிரண்டு சுருள்கள் அடுக்கிய ஒரு பை இருக்கிறது, உள்ளே முழுக்கக் கொழுப்புத் தன்மையான சுவர். அமிலத்தின் நீளமான வால் அந்தச் சுவரில் பதிந்துகொள்ள, எதிர் மின்சுமை கொண்ட அமிலத் தலை, பையின் அடியிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் நேர் மின்சுமையைப் பற்றிக்கொள்கிறது. ரெட்டினாலுக்கு அந்த அமிலத் தலை கிடையாது. அதனால்தான் ரத்தத்தில் எவ்வளவு ரெட்டினால் ஓடினாலும் ஏற்பி அதைப் பொருட்படுத்துவதில்லை.

உள்ளே பொருள் வந்து படிந்ததும் பன்னிரண்டாவது சுருள் மடங்கி, பையின் வாயில் மூடிபோலப் படிகிறது. 1995-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் டினோ மோராஸ் குழு இந்த ஏற்பிப் பகுதிகளின் படிக அமைப்பை வெளியிட்டபோது இதற்கு எலிப்பொறி என்று பெயர் வைத்தார்கள். எலி உள்ளே போனதும் கதவு விழுகிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் தவறான படம். வெறும் ஏற்பியில் அந்தச் சுருள் ஓரிடத்தில் விறைத்து நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. ரெட்டினாயிக் அமிலம் வந்தால் மூடிய நிலையில் அதிக நேரம் தங்குகிறது என்று சொல்வதே சரி. இந்த வித்தியாசம் வெறும் நுணுக்கம் இல்லை. சில செயற்கை மூலக்கூறுகள் பைக்குள் நுழைந்து, சுருளை மூட விடாமல் செய்கின்றன. அவற்றில் சில வெறும் தடுப்பான்கள், சில அதற்கும் ஒரு படி மேலே போய் அடக்கும் புரதங்களை இன்னும் இறுக்கிப் பிடிக்கவைக்கின்றன. பொறி திறந்ததா மூடியதா என்று மட்டும் பார்த்தால் இந்த மூன்றாவது வகை இருக்கவே வழியில்லை.

சுருள் மடங்கியதால் ஏற்பியின் முதுகில் புதிய பள்ளம் ஒன்று உருவாகிறது. பழைய கூட்டத்துக்கு அங்கே இடமில்லை, இறங்கிவிடுகிறது. வேறு கூட்டம் ஏறுகிறது. அவற்றின் உடலில் லியூசின் அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் வரும் சிறு துண்டு இருக்கிறது, புதிய பள்ளத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தக் கூட்டம் அழைத்து வரும் நொதிகள் ஹிஸ்டோனில் அசெட்டைல் குழுவைத் திரும்பச் சேர்க்கின்றன. சுற்று தளர்கிறது, ஆர்என்ஏ எடுக்கும் இயந்திரம் வந்து இறங்குகிறது, மரபணு பேசத் தொடங்குகிறது. ஏற்பி தன் இடத்தை விட்டு நகரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்கள்தான் மாறினார்கள்.

எல்லா இடங்களிலும் இப்படியே நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. சில இடங்களில் ரெட்டினாயிக் அமிலம் வந்த பிறகுதான் ஏற்பி போய் உட்காருகிறது, சில மரபணுக்கள் திறப்பதற்குப் பதில் அடங்குகின்றன. அடிப்படை இயக்கம் மேலே சொன்னது.

இணையில் இருக்கும் ஆர்எக்ஸ்ஆர் என்ன செய்கிறது? அதற்கும் ஒரு பை இருக்கிறது. ஒன்பதாவது இடத்தில் வளைந்த ரெட்டினாயிக் அமிலம் அதில் பொருந்தும் என்று 1992-இல் காட்டினார்கள். உடலில் உண்மையிலேயே அதுதான் அதன் சாவியா என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, பெரும்பாலான திசுக்களில் அந்த வடிவத்தைக் காண்பதே கடினம். எப்படியானாலும் ஆர்ஏஆரோடு இணை சேர்ந்திருக்கும்போது ஆர்எக்ஸ்ஆர் அடங்கிய கூட்டாளி. அதன் பைக்கு மட்டும் சாவி கொடுத்தால் கதவு திறக்காது. ஆர்ஏஆர் முதலில் திறக்க வேண்டும். ஆனால் கொழுப்பையும் பித்த அமிலங்களையும் உணரும் வேறு ஏற்பிகளோடு இணை சேர்ந்தால் ஆர்எக்ஸ்ஆரே கதவைத் திறக்கும். இதன் விளைவை மருத்துவமனையில் பார்க்கலாம். பெக்சரோட்டின் என்ற மருந்து ஆர்எக்ஸ்ஆருக்கென்றே செய்தது, தோலில் வரும் ஒரு வகை டி-செல் லிம்போமாவுக்கு 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சாப்பிடுவோருக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு எகிறும், தைராய்டு சுரப்பு குறையும். ஆர்எக்ஸ்ஆர் இத்தனை ஏற்பிகளுக்குப் பொதுக் கூட்டாளியாக இருந்தால் ஒன்றை இழுக்கும்போது மற்றவை ஆடத்தானே செய்யும்.

சரி, முதல் கேள்வி. ஒரே பொருள், வேறு வேறு விளைவு.

1978-இல் சிட்னி ஸ்ட்ரிக்லேண்டும் விஜக் மஹ்தாவியும் எலிக் கருப் புற்றுச் செல்களில் ரெட்டினாயிக் அமிலத்தை விட்டார்கள், அவை பெருகுவதை விட்டுவிட்டுக் கருவின் உள்ளடுக்குச் செல்களாக முதிர்ந்தன. 1980-இல் தியோடர் பிரைட்மன் குழு அதையே ரத்தப் புற்றுச் செல்களில் விட்டது, அவை வெள்ளணுக்களாக முதிர்ந்தன. கருத் தண்டுச் செல்களில் விட்டால் நரம்புச் செல்களாகின்றன, இது இன்று ஆய்வகத்தில் அன்றாட வேலை. புட்டி ஒன்றுதான். ஒவ்வொரு செல்லும் தன் வரலாற்றின்படி சில டிஎன்ஏ பகுதிகளைத் திறந்தும் சிலவற்றைப் பூட்டியும் வைத்திருக்கிறது. வேறு புரதங்கள் ஏற்கெனவே திறந்து வைத்த இடங்களில்தான் ஏற்பி உட்கார முடியும். ரெட்டினாயிக் அமிலம் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, ஏற்கெனவே தயாராக இருக்கும் வேலையைத் தொடங்கு என்று மட்டும் சொல்கிறது.

நான் இந்தச் சோதனையை முதன்முதலில் செய்தபோது செல்கள் அசையவே இல்லை. மூன்று நாள் காத்திருந்தும் ஒரு மாற்றமும் கிடையாது. ஏற்பியைச் சந்தேகித்தேன், செல்லைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் கரைசலை வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒளி பட்டால் உருமாறுகிற பொருள் இது, கண்ணில் இதன் உறவான ரெட்டினால்டிஹைடின் வேலையே அதுதானே! அப்புறம் மஞ்சள் விளக்கு, அலுமினியத் தாள் சுற்றிய குழாய்.

கருவில் இதே கதை இடமும் அளவும் சேர்ந்து வருகிறது. முதுகெலும்புள்ள கருவில் நடு உடல் பகுதியில் ரால்டு நொதி ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்கிறது, தலை நுனியிலும் வால் நுனியிலும் சிப்-26 அழிக்கிறது. நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. ஹாக்ஸ் மரபணுக்கள் என்று ஒரு தொகுதி உண்டு, உடலின் எந்தத் துண்டு கழுத்து, எந்தத் துண்டு மார்பு என்று குறிப்பவை. குரோமோசோமில் அவை வரிசையாக இருக்கின்றன. ரெட்டினாயிக் அமிலம் பட்டால் வரிசையின் ஒரு முனையிலுள்ளவை முதலில், குறைந்த அளவிலேயே விழிக்கின்றன, அடுத்தடுத்தவை மெல்ல மெல்ல. ஆகக் கருச் செல்லுக்கு அளவே முகவரி. எலியில் ரால்டு-2 மரபணுவை நீக்கிவிட்டால் கரு பாதி வழியில் இறந்துவிடுகிறது, தாய்க்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் ஓரளவு மீள்கிறது.

கடும் முகப்பருவுக்குச் சாப்பிடக் கொடுக்கும் இதே குடும்பத்து மருந்தான ஐசோட்ரெட்டினாயின் கர்ப்பத்தில் ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். அளவையே முகவரியாகப் படிக்கும் இடத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளமாகக் கொட்டினால் முகவரி அழிந்துவிடும். காது, முகம், இதயம், தைமஸ், மூளை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. முகத்தையும் இதயத்தின் சில பகுதிகளையும் கட்டுவதற்கு நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு நடந்து போகும் செல்கள் வழிதவறுவதே இதில் பெரும்பங்கு. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1982-இல் அனுமதி கிடைத்தது, சில ஆண்டுகளுக்குள் குழந்தைகளின் குறைபாடுகள் பதிவாகத் தொடங்கின. விலங்குச் சோதனைகளில் முன்பே தெரிந்திருந்தும் இது நடந்தது என்பதுதான் வேதனை. குறைந்தாலும் இதே கேடுதான். 1930-களில் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல், வைட்டமின் ஏ இல்லாத தீவனத்தில் வளர்த்த பன்றி கண்விழிகளே இல்லாத குட்டிகளை ஈன்றதைப் பதிவு செய்தார். மிகுந்தாலும் குறைந்தாலும் ஒரே வகை உறுப்புகள் கெடுவது, அளவுதான் செய்தி என்பதற்கு நேரடிச் சான்று.

ஐசோட்ரெட்டினாயின் தானாக ஆர்ஏஆரை நன்றாகப் பற்றாது. அதன் வளைந்த வடிவம் பைக்குள் சரியாகப் போகாது, உடலுக்குள் நேரான வடிவமாக மாறிய பிறகே பற்றுகிறது. எண்ணெய்ச் சுரப்பிச் செல்களைச் சுருக்கி, சாகவைப்பதால்தான் கடும் முகப்பருவுக்கு அது உதவுகிறது. மருந்தை நிறுத்திய பின் கருத்தரிப்பதற்கு ஐசோட்ரெட்டினாயினுக்கு ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள், சொரியாசிஸுக்கான அசிட்ரெட்டினுக்கு மூன்று ஆண்டு. மது அருந்தினால் அசிட்ரெட்டின் எட்ரெட்டினேட் என்ற பொருளாக மாறிக் கொழுப்பில் போய் ஒளிந்துகொள்வதுதான் காரணம்.

பூசும் மருந்துகளில் நுணுக்கம் வேறு. தோலின் மேலடுக்கில் இருப்பது பெரும்பாலும் ஆர்ஏஆர் காமா. அடாபலீன் பீட்டாவையும் காமாவையும் விரும்புகிறது, 2019-இல் வந்த டிரைஃபரோட்டின் காமாவை மட்டும். மூன்று ஏற்பிகளின் பைகளுக்கு இடையே மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்தான் வேறு. அதை வைத்தே வேதியியலாளர்கள் இந்தப் பாகுபாட்டைச் செய்திருக்கிறார்கள். அழகுக் கிரீம்களிலுள்ள ரெட்டினால் மென்மையாக இருப்பதற்கும் காரணம் தெரிந்ததுதான். தோல் செல் இரண்டு படி ஏறி அதை அமிலமாக்க வேண்டும், வழியில் பெரும்பகுதி சேமிப்புக்குப் போய்விடுகிறது.

ரத்தப் புற்றுநோய்க் கதைதான் இந்த இயந்திரத்தை நன்றாகக் காட்டுவது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியாவில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றிலிருந்து பிஎம்எல் என்ற புரதம், மற்றதிலிருந்து ஆர்ஏஆர் ஆல்ஃபா, இரண்டும் ஒட்டி ஒரே புரதமாகின்றன. இந்தக் கலப்புப் புரதம் அடக்கும் கூட்டத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. உடலில் இயல்பாக இருக்கும் நானோமோலார் ரெட்டினாயிக் அமிலம் அதை அசைக்காது. வெள்ளணுவாக முதிர வேண்டிய செல் பாதியில் நின்று பெருகிக்கொண்டே போகிறது. அந்தச் செல்கள் ரத்த உறைவையும் கெடுப்பதால் நோயாளிகள் ரத்தக் கசிவில் இறந்துகொண்டிருந்தார்கள்.

மருந்தாக மைக்ரோமோலார் அளவில் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தால் அந்தப் பிடி விடுகிறது. செல் முதிர்ந்து, தன் ஆயுள் முடிந்து இயல்பாகவே இறக்கிறது. சாதாரணக் கீமோதெரபி செல்லைக் கொல்லும், இது வளர்த்துவிடுகிறது. ஷாங்காயில் வாங் சென்யி 1985-இல் இதை முதலில் பயன்படுத்தினார். 1988-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள், அத்தனை பேருக்கும் நோய் முழுமையாகத் தணிந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் கூடவே கீமோ மருந்து தேவைப்பட்டது. நோய்க்குக் காரணமே ஆர்ஏஆர்தான் என்று தெரிய வந்தது அதற்குப் பிறகு, 1990-ஐ ஒட்டி. மருந்து முன்னால் வந்து காரணத்தைக் காட்டிக்கொடுத்த அபூர்வமான இடம் இது.

ஆனால் ரெட்டினாயிக் அமிலம் மட்டும் கொடுத்தால் நோய் திரும்பிவிடும். ஒரு காரணம், உடல் சிப்-26 நொதியை அதிகமாக்கி மருந்தை வேகமாகச் சிதைக்கத் தொடங்குகிறது. தீர்வாக வந்தது ஆர்செனிக் டிரையாக்சைடு, ஆம், பாஷாணம்தான். அது கலப்புப் புரதத்தின் பிஎம்எல் பாதியைப் பிடிக்கிறது, ரெட்டினாயிக் அமிலம் ஆர்ஏஆர் பாதியைப் பிடிக்கிறது, இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தப் புரதத்தையே அழித்துவிடுகின்றன. 2013-இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் வெளியான சோதனையில், அதிக அபாயமில்லாத நோயாளிகளிடம் இந்த இரட்டை மருந்தால் இரண்டாண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தார்கள். கீமோ சேர்த்த பழைய முறையில் அது 86 சதவீதம். ஒரு எச்சரிக்கை: செல்கள் கூட்டமாக முதிரும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், உடலில் நீர் கோர்ப்பது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதே நோயின் அரிய வகை ஒன்றில் ஆர்ஏஆர் ஆல்ஃபா, பிஎல்இசட்எஃப் என்ற வேறு புரதத்தோடு ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டாளி தானே தனியாக அடக்கும் கூட்டத்தைப் பிடிக்கக்கூடியது. ஆகவே ஆர்ஏஆர் பக்கம் விட்டாலும் மறுபக்கம் விடாது, மருந்து பலிப்பதில்லை.

கடைசிக் கேள்வி, அதிகம் சாப்பிட்டால் அதிகம் வேலை நடக்குமா? சேமிப்பு காலியாக இருப்பவருக்கு, ஆம், பார்வையும் நோய் எதிர்ப்பும் மீளும், சில நேரம் உயிரே பிழைக்கும். போதுமான அளவு இருப்பவருக்கு இல்லை. உபரி கல்லீரலில் போய்ச் சேருகிறது. சமிக்ஞை கொஞ்சம் கூடினாலும், ரெட்டினாயிக் அமிலம் எழுப்பும் முதல் மரபணுக்களில் ஒன்றே சிப்-26, அதாவது தன்னை அழிக்கும் நொதியைத் தானே அழைக்கிறது. குடலிலும் இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு உண்டு. பீட்டா கரோட்டினை இரண்டாக வெட்டி ரெட்டினால்டிஹைடு ஆக்கும் நொதி, உள்ளே ரெட்டினாயிக் அமிலம் கூடினால் குறைக்கப்படுகிறது. இந்தக் காவல்களையெல்லாம் தாண்டிப் போகும் அளவுக்குப் பல மாதம் விழுங்கினால் கிடைப்பது கூடுதல் நலம் இல்லை, தலைவலி, தோல் உரிதல், கல்லீரல் சேதம்.

ஆர்ஏஆர் பீட்டா மரபணுவின் முகப்பிலேயே ஐந்து எழுத்து இடைவெளி கொண்ட அந்த இருக்கை இருக்கிறது. ரெட்டினாயிக் அமிலம் வந்தால் செல் இன்னும் அதிக ஏற்பியைச் செய்துகொள்கிறது. பல புற்றுக் கட்டிகளில் இந்த முகப்பு மெத்தில் குழுக்களால் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அங்கே எவ்வளவு வைட்டமினைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. புகைப்பிடிப்போரும், முன்பு புகைத்தவர்களும், கல்நார்த் தூசியில் வேலை செய்தவர்களும் தினமும் பீட்டா கரோட்டினும் ரெட்டினைல் பால்மிட்டேட்டும் சாப்பிட்டார்கள். நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கில் புகையும் அதிக பீட்டா கரோட்டினும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் நுரையீரலில் ரெட்டினாயிக் அமிலமும் ஆர்ஏஆர் பீட்டாவும் குறைந்திருந்தன.